குற்றாலத்தில் தங்கிய சட்டசபை

2018 அக்டோபரில் குற்றாலத்துக்கு வந்தவர்களில் அருவிக்காக வந்தவர்கள் குறைவு. சீசன் எப்போதோ முடிந்துவிட்டது. ஆடிச் சாரல் ஓய்ந்து, ஐப்பசி மழைக்கு ஊர் காத்திருக்கும் நேரம் அது. வழக்கமாக அந்த நாட்களில் லாட்ஜ் வாடகை இறங்கிக் கிடக்கும், சிப்ஸ் கடைக்காரர்கள் சாவகாசமாகப் பேப்பர் படிப்பார்கள். அந்த வருடம் மட்டும் கதை வேறு. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்லப்பட்ட தாமிரபரணி மகா புஷ்கரத்துக்காக நெல்லைச் சீமையின் படித்துறைகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக, டி.டி.வி. தினகரன் அணியின் தகுதி நீக்கம் செய்யப்பட்ட எம்.எல்.ஏ.க்களும் வந்து குற்றாலத்தில் ஒரு தனியார் விடுதியில் இறங்கினார்கள்.

புஷ்கரத்தில் நீராட வந்தோம் என்றார்கள். யாரும் மறுக்கவில்லை, நம்பவுமில்லை. அவர்களுடைய பதவி தப்புமா என்பதற்கான உயர் நீதிமன்றத் தீர்ப்பு சில நாட்களில் வரவிருந்தது. தப்பினால் எடப்பாடி பழனிசாமியின் அரசு ஆடும். அதுவரை ஒருவரும் கைநழுவிப் போய்விடக் கூடாது. அதற்குத்தான் விடுதி. குற்றாலம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது அடுத்த ஆண்டு நவம்பர் 22-இல்தான்.

அக்டோபர் 25 அன்று நீதிபதி எம். சத்யநாராயணன் தீர்ப்பளித்தார். தகுதி நீக்கம் செல்லும். விடுதி காலியானது.

ஒரு சட்டமன்றத்தின் வேலையை எப்படியெல்லாம் நிறுத்தலாம், தள்ளிப்போடலாம், திசை மாற்றலாம் என்று யாராவது புத்தகம் எழுதினால் இந்தச் சில நாட்களுக்கு அதில் ஓர் அத்தியாயம் உண்டு. உலகம் அந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் ஃபிலிபஸ்டர். அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் சொல். நம் தொலைக்காட்சி விவாதங்களிலும் இப்போது தாராளமாகப் புழங்குகிறது, பெரும்பாலும் தவறாக. யாராவது அவையில் கத்தினால் ஃபிலிபஸ்டர், வெளிநடப்புச் செய்தால் ஃபிலிபஸ்டர், மைக்கைப் பிடுங்கினாலும் அதுவே.

சொல்லின் பூர்விகம் கடற்கொள்ளை. டச்சு மொழியில் கொள்ளைக்காரனைக் குறித்த சொல் ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க செனட்டுக்குள் நுழைந்தது. அவையைக் கடத்திக்கொண்டு போகிறவன் என்று பொருள் சொல்லிக்கொள்ளலாம். முறை எளிது: பேச எழுந்த உறுப்பினரை உட்காரச் சொல்ல விதி இல்லையென்றால், அவர் உட்காராமலே இருக்கலாம். அவர் உட்காராதவரை வாக்கெடுப்பு இல்லை. வாக்கெடுப்பு இல்லையென்றால் சட்டம் இல்லை.

செனட்டில் அந்த ஓட்டை தெரியாமல் விழுந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று தீர்மானம் கொண்டுவரும் விதியை, யாரும் பயன்படுத்துவதில்லையே என்று 1806-இல் நீக்கிவிட்டார்கள். அதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. 1917-இல் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று விதி செய்தார்கள். 1975-இல் அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். இன்றும் 100 பேர் கொண்ட அந்த அவையில் பெரும்பாலான மசோதாக்களுக்கு 51 போதாது, 60 வேண்டும்.

1957 ஆகஸ்ட் 28 இரவு, தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் எழுந்தார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் மசோதாவைத் தடுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். உடலில் நீர் குறைந்தால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்காது என்பதற்காக முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 24 மணி 18 நிமிடம். முடித்ததும் மசோதா நிறைவேறியது. அந்தச் சாதனை 68 ஆண்டுகள் நின்றது. 2025 ஏப்ரல் 1 அன்று அதை முறியடித்தவர் நியூ ஜெர்சியின் கோரி புக்கர், 25 மணி 5 நிமிடம். கறுப்பினத்தவர். வரலாறு சில சமயம் நாவலாசிரியர்களைவிட வெளிப்படையாகக் கதை கட்டுகிறது. விதியைக் கறாராகப் பார்த்தால் புக்கர் பேசியது ஃபிலிபஸ்டர் ஆகாது, அவர் எந்த மசோதாவையும் தடுக்கவில்லை. டிரம்ப் அரசுக்கு எதிரான கண்டனப் பேச்சு அது.

நம் ஆட்களுக்குப் பேச்சு வராதா என்ன? குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால் பொழுது சாய்வது தெரியாது என்பார்கள். அவரும் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தவர்தான். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கத்தைச் சேர்ந்த வி.கே. கிருஷ்ண மேனன் 1957 ஜனவரியில், தர்மண்டுக்கு ஏழு மாதம் முன்பே, ஐ.நா. பாதுகாப்பு அவையில் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய 8 மணி நேரம் பேசி மயங்கி விழுந்தார். திராவிட இயக்கத்தின் மேடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவ்வளவு இருந்தும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு மசோதாகூடப் பேச்சால் தடுக்கப்பட்டதில்லை.

காரணம் அயர்லாந்து. 1870-களில் ஜோசப் பிக்கர், சார்லஸ் பார்னெல் முதலிய அயர்லாந்து உறுப்பினர்கள் பிரிட்டிஷ் காமன்ஸ் அவையைப் பேசியே ஸ்தம்பிக்க வைத்தார்கள். 1881 ஜனவரி 31-இல் தொடங்கிய ஒரு கூட்டம் 41 மணி நேரம் ஓடியது. சபாநாயகர் ஹென்றி பிராண்ட் பொறுமை இழந்து, எந்த விதியிலும் இல்லாத அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு விவாதத்தை முடித்தார். அடுத்த ஆண்டே விவாதத்தை முடிக்கும் தீர்மானம் விதியாக ஏறியது. பிறகு கில்லட்டின் வந்தது: குறித்த நேரம் ஆனதும் விவாதம் நடந்ததோ இல்லையோ, மிச்சமெல்லாம் ஒரே வெட்டில் வாக்கெடுப்புக்குப் போகும். நாம் எடுத்துக்கொண்டது காயம் பட்டு ஆறிய அந்த வெஸ்ட்மின்ஸ்டர் முறையை. அலுவல் ஆய்வுக் குழு எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிடம் என்று முன்பே பிரித்துவிடுகிறது. மணி அடித்த பிறகும் பேசினால் மைக் அணையும். அதற்கும் மேலே பேசினால் அவைக்குறிப்பில் ஏறாது.

ஆகவே இங்கே தடுக்க நினைப்பவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது கௌரவமான வழியாகவே இருந்தது. 1923-இல் சி.ஆர். தாஸும் மோதிலால் நேருவும் தொடங்கிய சுயராஜ்யக் கட்சி, சட்டசபைக்குள் போய் உள்ளிருந்தே அதை இயங்கவிடாமல் செய்வது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டுத் தேர்தலில் நின்றது. சென்னையில் சத்தியமூர்த்தி அந்த வழியில் நின்றவர். மத்திய சபையில் 1924-இல் நிதி மசோதாவையே தோற்கடித்தார்கள். வைஸ்ராய் தன் சிறப்பு அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கிக்கொண்டார். தோற்றாலும், அது கண்முன் நடந்த தோல்வி. யார் தடுத்தார், யார் மீறினார் என்பது நாட்டுக்கே தெரிந்தது.

சுதந்திர இந்தியாவில் இதற்குப் பெயர் அமளி. தென்காசிக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. 2018 பிப்ரவரி 16-இல் காவிரித் தீர்ப்பு வந்தது; ஆறு வாரத்துக்குள் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மார்ச்சில் நாடாளுமன்றம் கூடியபோது, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. உறுப்பினர்கள் மக்களவையின் மையப் பகுதியில் தினமும் பதாகையோடு நின்றார்கள். அப்போது அக்கட்சிக்கு 37 உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் தென்காசி எம்.பி. துணை சபாநாயகரும் அதே கட்சியின் தம்பிதுரை.

கோரிக்கையின் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை. விளைவைப் பார்க்க வேண்டும். அதே நாட்களில் ஆந்திராவின் இரு கட்சிகள் மோடி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தன. அதை ஏற்க 50 பேர் எழுந்து நிற்க வேண்டும், அவர்களைச் சபாநாயகர் எண்ண வேண்டும். அவை ஒழுங்கில் இல்லை, எண்ண முடியவில்லை என்று சொல்லி சுமித்ரா மகாஜன் நாள்தோறும் ஒத்திவைத்தார். கூச்சலுக்கு நடுவே நோட்டீஸ் கிடப்பில் போனது. ஆனால் அதே கூச்சல் நிதி மசோதாவை ஒன்றும் செய்யவில்லை. மார்ச் 14 அன்று கில்லட்டின் விழுந்தது. நாட்டின் வரவு செலவு மொத்தமும் விவாதமே இல்லாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அரசுக்கு வேண்டியது நடந்தது, வேண்டாதது நின்றது. ஜூலை 20-இல் அந்தத் தீர்மானம் கடைசியில் விவாதத்துக்கு வந்தபோது 126-க்கு எதிராக 325 வாக்குகளில் தோற்றது. அ.தி.மு.க. அரசின் பக்கம் வாக்களித்தது.

அமெரிக்காவில் ஃபிலிபஸ்டர் என்பது சிறுபான்மையின் ஆயுதம். அந்த 2018 மார்ச் மாதத்தைப் பார்த்தால் இங்கே அது யார் கையில் இருந்தது என்று சொல்வது கடினம். 2011 டிசம்பர் 29 இரவும் அப்படித்தான். லோக்பால் மசோதா மாநிலங்களவையில். ஆளும் காங்கிரஸ் கூட்டணிக்கு அங்கே பெரும்பான்மை இல்லை, 187 திருத்தங்கள் காத்திருந்தன. புதுச்சேரிக்காரரான அமைச்சர் நாராயணசாமி பதிலளித்துக்கொண்டிருந்தபோது ராஷ்டிரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் மசோதா நகலைக் கிழித்தெறிந்தார். நள்ளிரவு ஆனது. அவைத் தலைவர் ஹமீத் அன்சாரி அவையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். வாக்கெடுப்பில் தோற்காமல் தப்பிக்க அரசே நேரத்தை இழுத்தடித்தது என்று பா.ஜ.க. குற்றம் சாட்டியது. அந்த மசோதா சட்டமாக மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

இப்போது சென்னைக்கு வருவோம். குற்றாலத்து விருந்தினர்களின் கதை அங்கேதான் தொடங்கியது.

2017 பிப்ரவரி 18: கூவத்தூர் விடுதியிலிருந்து பேருந்துகளில் வந்த எம்.எல்.ஏ.க்கள் நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு வாக்களித்தார்கள். ரகசிய வாக்கெடுப்புக் கேட்ட தி.மு.க.வினர் அமளிக்குப் பிறகு அவைக்காவலர்களால் வெளியேற்றப்பட்டார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேர் ஓ. பன்னீர்செல்வம் அணி. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறியவர்கள் இவர்கள். ஆகஸ்ட் 21-இல் இரு அணிகளும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வர் ஆனார். மறுநாளே தினகரன் பக்கம் நின்ற 19 பேர் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மீதி 18 பேரைச் சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்தார்.

கணக்கைப் பாருங்கள். 18 பேர் அவையில் வாக்களித்து யாரையும் எதிர்க்கவில்லை, கடிதம் கொடுத்தார்கள். நான்கு வாரத்துக்குள் பதவி போனது. 11 பேர் அவையிலேயே அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் மீதான மனு சபாநாயகரின் மேசையில் மூன்று ஆண்டுகள் கிடந்தது. தி.மு.க. உயர் நீதிமன்றம் போனது, உச்ச நீதிமன்றம் போனது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சபாநாயகர் முடிவெடுப்பார் என்று வழக்கை முடித்துவைத்தது. 2021 மே மாதம் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிகிறவரை அந்த 11 பேரில் ஒருவர் பதவியும் போகவில்லை.

இரண்டுக்கும் ஒரே சட்டம்தான், 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை. கட்சித் தாவலைப் பற்றி முடிவெடுப்பவர் சபாநாயகர் என்று அது சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. தர்மண்ட் 24 மணி நேரம் நின்று சாதிக்க முடியாததை, ஒரு கோப்பைத் திறக்காமல் இருந்தே சாதித்துவிடலாம். குரல் கம்மாது, கால் வலிக்காது. பத்திரிகைகள் எண்ணுவதற்கு நிமிடக் கணக்கும் கிடையாது.

விடுதி அரசியல் என்று நாம் கேலியாகப் பேசுவதற்கும் அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. டெக்சாஸ் சட்டமன்றத்தில் 150 பேரில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், அதாவது 100 பேர், வந்தால்தான் கூட்டம் நடக்கும். அதனால் எதிர்க்கட்சியினர் கூண்டோடு மாநிலத்தைவிட்டு ஓடிவிடுவார்கள். 2003-இல் பக்கத்து ஓக்லஹோமாவின் ஒரு ஓட்டலில் போய்த் தங்கினார்கள். 2025 ஆகஸ்டில் தொகுதி எல்லையை மாற்றும் திட்டத்தை எதிர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாநிலத்தைவிட்டுப் போனார்கள், பலர் இலினாய்க்கு. அதே இலினாய் சட்டமன்றத்தில் 1840-இல் வருகைக் கணக்கைக் குறைக்க ஜன்னல் வழியே குதித்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். கணக்கு ஏற்கெனவே சரியாகிவிட்டிருந்தது என்பது பாவம் குதித்த பிறகுதான் தெரிந்தது.

நமக்கு அந்த வசதி இல்லை. அரசியல் சட்டப்படி மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அவை நடக்கும். தமிழ்நாட்டின் 234-க்கு 24 பேர் போதும். நூறு பேர் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தாலும் கோட்டையில் மணி அடிக்கும். எனவே நம் விடுதிகளில் தங்குபவர்கள் சபையை நிறுத்துவதற்காகத் தங்குவதில்லை. அவர்கள் மனம் மாறாமல் இருக்கக் காவல் வைக்கப்பட்டவர்கள். டெக்சாஸ்காரர்கள் தாங்களாக ஓடினார்கள். கூவத்தூரிலும் குற்றாலத்திலும் மற்றவர்கள் கணக்குக்காக வைக்கப்பட்டிருந்தார்கள். 234 பேர் அவையில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும்; 18 இடங்கள் காலியாகி 216 ஆனால் 109 போதும். ஆட்சியின் உயிர் அந்த ஒன்பதில் இருந்தது.

அந்தக் கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதை யாரும் அதிகம் எழுதவில்லை. தகுதி நீக்கம் 2017 செப்டம்பரில். 2018 ஜூனில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி செல்லும் என்றார், நீதிபதி எம். சுந்தர் செல்லாது என்றார். மூன்றாம் நீதிபதியின் தீர்ப்பு அக்டோபரில். இடைத்தேர்தல் முடிவு 2019 மே 23-இல். இருபது மாதங்கள் 18 தொகுதிகளுக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம், சாத்தூர் எல்லாம் தென்காசிக்காரர்களுக்கு அடுத்த வீடு போல. மானாவாரி நிலமும் தண்ணீர்ப் பஞ்சமும் உள்ள கரிசல் பூமி. 2018-இல் மானியக் கோரிக்கைகள் துறை துறையாக விவாதிக்கப்பட்டபோது அந்த ஊர்களின் கண்மாயைப் பற்றிக் கேட்க எழ வேண்டியவரின் நாற்காலி காலி. தென்காசித் தொகுதியில் 2021-இல் 370 வாக்கில் வெற்றி தீர்மானமானது. வாக்குக்கு அவ்வளவு மதிப்புள்ள ஒரு மாவட்டத்திலிருந்து பார்க்கையில் இருபது மாத வெறுமை சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மசோதா நிறைவேறிய பிறகும் நிறுத்தலாம் என்பதைக் கிண்டி ஆளுநர் மாளிகை காட்டியது. தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய 10 மசோதாக்களை ஆளுநர் ஆர்.என். ரவி 2023 நவம்பர் 13 அன்று திருப்பி அனுப்பினார். அவற்றில் மிகப் பழையது 2020 ஜனவரியைச் சேர்ந்தது, அ.தி.மு.க. ஆட்சிக் காலத்தது. நவம்பர் 18-இல் சிறப்புக் கூட்டம் கூட்டி அத்தனையையும் மறுபடி நிறைவேற்றினார்கள். மறுபடி நிறைவேறினால் ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் பற்றியவை, துணைவேந்தரை யார் நியமிப்பது என்பது விவகாரம்.

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு விதித்தார்கள். மாநிலம் கொண்டாடியது. நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: அரசியல் சட்டத்தில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஆளுநர் முடிவே இல்லாமல் மசோதாவை வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. நீண்ட, விளக்கம் இல்லாத தாமதம் என்றால் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். எது நீண்டது என்று யார் சொல்வது? அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கும்.

அமெரிக்க ஃபிலிபஸ்டரும் இந்தத் திசையில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1970-களிலிருந்து செனட் ஒரு மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அன்றிலிருந்து யாரும் நின்று பேச வேண்டியதில்லை. தடுப்போம் என்று சொல்லி வைத்தாலே 60 வாக்கு தேடி ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் புக்கர் நின்று பேசியது அங்கேயே அதிசயமாகப் பார்க்கப்பட்டது. தடுக்கிறவரின் முகம் தெரிய வேண்டும், அவர் கொஞ்சம் களைக்கவும் வேண்டும் என்று செனட்டர்கள் சிலரே இப்போது பழைய முறையைத் திரும்பக் கேட்கிறார்கள்.

நம் சபாநாயகர்களைக் களைக்க வைக்கும் விதி எதுவும் இல்லை. மணிப்பூர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கட்சித் தாவல் மனுக்களை மூன்று மாதத்துக்குள் முடிப்பதே நியாயம் என்றது. இந்த வேலையைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்திடம் கொடுக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. அடுத்த மாதமே அதே நீதிமன்றம் தமிழ்நாட்டின் 11 பேர் வழக்கைச் சபாநாயகரிடமே விட்டது. 2025 ஜூலை 31-இல் தெலங்கானாவில் கட்சி மாறிய பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.க்கள் பத்துப் பேரின் வழக்கு வந்தது. அந்த மாநிலச் சபாநாயகருக்கு மூன்று மாதம் கெடு கொடுத்துவிட்டு, நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்பதை மறுபடி எழுதினார்கள். நடுவில் கழிந்த ஐந்தரை ஆண்டுகளில் பத்தாவது அட்டவணையில் ஒரு வரியும் திருத்தப்படவில்லை.